அடிக்கக் கூடாத மெத்தை

என் நைனா குடிக்க மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் அவருக்கு இருந்த நல்ல பெயர் முழுக்க இந்த ஒன்றினால் வந்ததுதான். பெண்டாட்டியை அடிக்கிறவன் குடித்துவிட்டு வந்து அடிப்பான், மறுநாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவான் என்றுதான் ஊரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நைனா குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை ஆணியில் மாட்டி வைத்துவிட்டு, பனியனோடு நிதானமாக அடிப்பார். அடித்து முடித்ததும் தலை சீவிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்புவார்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் திருக்கழுக்குன்றம் பக்கம் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர் படித்து, செங்கல்பட்டில் ஒரு அரசாங்க ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் வாங்கிய பெரிய சாமான் ஒரு கட்டிலும் இலவம் பஞ்சு மெத்தையும். அவர்கள் குடும்பத்தில் அதுவரை எவரும் கட்டிலில் படுத்ததில்லை. அந்தப் பெருமையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கட்டிலில் என் அம்மாவும் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. அவளுக்குக் கீழே பாய்தான்.

பஞ்சு மெத்தை வைத்திருக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு வேலை உண்டு. மெத்தையைத் தூக்கிவந்து காம்பவுண்டு சுவரின் மேல் வெயிலில் போட்டு, கழியால் அடிப்பது. தூசி பறக்கும், கட்டிப்போன பஞ்சு இளகும். எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு மூங்கில் கழி சின்ன அறைக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கும். அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் அதால் மெத்தையை அடிப்பாள். நைனா கிழமை பார்க்காமல் அதால் அம்மாவை அடிப்பார்.

நான் எட்டாவது படித்தபோது, தொண்ணூறுகளில் ஒரு ஐப்பசி மாதம், அம்மா மெத்தையைச் சுவரில் போட்டுவிட்டு மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கப் போயிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. நான் டியூஷனில் இருந்தேன். நைனா வீட்டில்தான் இருந்தார், பேப்பர் படித்துக்கொண்டு. எழுந்துபோய் மெத்தையை உள்ளே இழுக்க அவருக்குத் தோன்றவில்லை, அது அம்மாவின் வேலை. நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தோம். ஊறிப்போன மெத்தையை இரண்டு பேருமாக இழுத்து உள்ளே போட்டோம். அதுவரைக்கும் பொறுத்திருந்துவிட்டுத்தான் அவர் கழியை எடுத்தார்.

முதல் அடி தோளில். அம்மா பின்கட்டுக்கு ஓடினாள். அவர் நடந்துதான் போனார், அவசரமே இல்லை. முதுகில், தொடையில், மறுபடி முதுகில். கழி மழையில் நனைந்து வழுக்க ஆரம்பித்ததும் அதைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் ஓர் உதை விட்டார். அம்மா துவைக்கிற கல்லின் விளிம்பில் முதுகு பட விழுந்தாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது, விறகு முறிகிற சத்தம். அவள் வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. மழை அவள் வாய்க்குள் விழுந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "இன்னா சத்தம் அங்க?"

"மெத்தை தட்டிகினு கீறோம்" என்றார் நைனா.

கொட்டுகிற மழையில். அந்த அம்மா சரி என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவளை நான் நைனாவைவிட அதிகமாக வெறுத்தேன், இப்போதும் வெறுக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அம்மா, "பாத்ரூம் பாசில வழுக்கிட்டேன் சார்" என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு அம்மாவால் மல்லாந்து படுக்க முடியவில்லை. ஒருக்களித்து, முட்டியை வயிற்றோடு மடக்கி, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு படுப்பாள். மெத்தையைத் தூக்கவும் தட்டவும் முடியாது. அந்த வேலை எனக்கு வந்தது. ஞாயிறு தவறாமல் நைனாவின் மெத்தையை நான் அடித்தேன். நன்றாகவே அடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் தலை வைக்கிற பக்கத்தில் இரண்டு அடி கூடவே போட்டு.

அம்மா ஒரு நாளாவது பயமில்லாமல், முதுகை நீட்டிப் படுக்க வேண்டும். எனக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே வைராக்கியம் அதுதான். டாக்டராக வேண்டும், கலெக்டராக வேண்டும் என்றெல்லாம் எனக்குக் கனவு கிடையாது.

படித்து முடித்து, பழைய மகாபலிபுரம் ரோட்டில் வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிய வருஷங்களில் ஒன்றில் எனக்கும் வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி கல்யாணத்துக்குச் சாமான் வாங்கப் போனபோது நானும் போனேன். முட்டுக்காடு தாண்டி ஈ.சி.ஆரில் ஒரு மெத்தைக் கடை. உள்ளே ஏசி, செருப்பை வெளியே விட வேண்டும். விற்பனையாளர் ஒரு மெத்தையில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தார். கை அப்படியே பதிந்திருந்தது, விரல்கள் உட்பட. பிறகு மெல்ல மெல்ல மேலே வந்து மறைந்தது.

"மெமரி ஃபோம் மேடம். முதுகு வலிக்கு இதை அடிச்சுக்க வேற கிடையாது. நீங்களும் அமுக்கிப் பாருங்க."

நான் முஷ்டியை மடக்கி ஒரு குத்து விட்டேன். பள்ளம் விழுந்தது. இன்னொரு குத்து. அவர் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

"எல்லாரும் அமுக்கித்தான் பாப்பாங்க மேடம்" என்றார்.

பிறகு பராமரிப்பு பற்றிச் சொன்னார். தண்ணீர் படக் கூடாது. வெயிலில் போடக் கூடாது. முக்கியமாகக் கழியால் தட்டக் கூடாது, தட்டினால் உள்ளே உடைந்து பாழாகிவிடும்.

"அடிக்கவே கூடாதா?" என்று கேட்டேன்.

"கூடவே கூடாது மேடம்."

அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். முதுகு வலிக்கு நல்லது என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். அம்மாவுக்கு இது. அடுத்த போனசில் நைனா கட்டிலுக்கும் இதே மாதிரி ஒன்று. பஞ்சு மெத்தை போய்விட்டால் கதவுக்குப் பின்னால் அந்தக் கழி நிற்பதற்குக் காரணமே இருக்காது. கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள் எப்படி யோசித்திருக்கிறேன் பாருங்கள்.

மெத்தை ஒரு மினி வேனில் வந்தது. பிளாஸ்டிக்கில் சுருட்டிக் காற்றை உறிஞ்சி எடுத்த, ஆள் உயர மூட்டை. நான் படித்த சின்ன அறையில் தச்சரிடம் சொல்லிச் செய்த ஒற்றைக் கட்டில் தயாராக இருந்தது. அறைக் கதவுக்கு உள்பக்கம் புதுத் தாழ்ப்பாளும் போட்டிருந்தேன். அருவாமனையில் பிளாஸ்டிக்கைக் கிழித்ததும் புஸ்ஸென்று மூச்சு விட்டு அது விரிய ஆரம்பித்தது. அம்மா பயந்து வாசல்படிக்குப் போய்விட்டாள்.

"இன்னாடி இது, எய்ந்துகினு வருது."

"அது அப்படித்தாம்மா. இரண்டு நாள் விடணும். வாசனை போகணும், முழுசா உப்பணும். அப்புறம் நீ படுத்துக்கலாம்."

"தட்டாம எப்படிடீ சுத்தம் பண்றது?"

"தட்டவே கூடாதும்மா. நைனாவுக்கும் இதையே வாங்கிட்டா அந்தக் கழியைத் தூக்கிப் போட்டுடலாம்."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கழி போனா இன்னா, வூட்ல வேற சாமானே இல்லியா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வாங்கிக் கொடுத்தால் சந்தோஷப்படத் தெரியாத ஜென்மம் என்று அவளைத் திட்டினேன்.

அவள் கிட்டே வந்து உள்ளங்கையை மெத்தையில் வைத்தாள். எடுத்ததும் கை பதிந்திருந்ததைப் பார்த்து அரண்டுபோனாள். அவசர அவசரமாக அந்த இடத்தைத் தடவினாள், தடவிய இடமெல்லாம் பதிந்தது. "அய்ச்சிடுடீ, அவரு வந்து பாத்தா புதுசுல அயுக்கு பண்ணிட்டேன்னுவாரு." அது தானாகப் போய்விடும் என்று நான் சொல்லி, அது போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நைனா அந்த இரண்டு நாளும் எதுவும் கேட்கவில்லை. அறை வாசலில் நின்று பார்ப்பார், போய்விடுவார்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா தலைக்குக் குளித்து, துவைத்து மடித்த போர்வை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றுதான் படுக்கப்போகிறாள். அவள் பின்னால் நான். அறைக்குள் நைனா அந்த மெத்தையில் படுத்திருந்தார், வேட்டியோடு, கால்மேல் கால் போட்டு.

அம்மா அப்படியே திரும்பிவிட்டாள். போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு, சத்தம் வராமல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நைனா, எய்ந்திரு. அது அம்மாவுக்கு."

"இது யார் வூடு?" என்றார் கண்ணைத் திறக்காமல். "என் வூட்ல கீற சாமான் என்துதான். அவளுக்குப் பாய் கீது."

காலைப் பிடித்து இழுத்தேன். மொத்தமாகக் கீழே வந்து விழுந்தார். எழுந்த வேகத்தில் என் கன்னத்தில் ஓர் அறை விட்டார், காது அடைத்துப்போனது. இரண்டாவது அறைக்குக் கை ஓங்குவதற்குள் கதவுக்குப் பின்னால் இருந்த கழி என் கையில் இருந்தது. நான் யோசித்து எடுக்கவில்லை. கை எடுத்தது.

முதல் அடி தோளில். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். அவர் கையைக் குறுக்கே நீட்டினார், மணிக்கட்டில் விழுந்தது. அது முறிந்தது எனக்குக் கழி வழியாகவே தெரிந்தது. நிறுத்தவில்லை. முதுகில் அடித்தேன், முட்டியில் அடித்தேன், அவர் சுருண்டு கட்டிலுக்கு அடியில் போகப் பார்த்தபோது இடுப்பில் அடித்தேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் மெத்தை தட்டிய கை. எங்கே அடித்தால் எப்படி அதிரும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்தால் மற்றதெல்லாம் எழுதி என்ன பிரயோஜனம்? அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை இருந்ததில்லை.

"இன்னா சத்தம் அங்க?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதே குரல்.

"மெத்தை தட்டிகினு கீறேன்" என்றேன்.

என் குரலைக் கேட்டு எனக்கே கை நின்றுவிட்டது. எவ்வளவு நிதானமாகச் சொல்லியிருக்கிறேன். அம்மா உள்ளே வந்து என் கையிலிருந்து கழியை வாங்கிக் கீழே போட்டாள். என்னைப் பார்க்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து, "இந்தாய்யா, கையைக் குடு" என்று அவரை வெளியே இழுத்தாள். அவர் உதட்டிலிருந்து ரத்தம் அவள் கையிலிருந்த போர்வையில் பட்டது. அதே போர்வையால் அவர் கையைச் சுற்றிக் கட்டினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் என்ன சொன்னோம் என்று நான் எழுத வேண்டியதில்லை. இந்தத் தடவை எங்கள் வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்தது நைனா.

கழியை நான் மறுநாளே மூன்று துண்டாக வெட்டி வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன். நைனா மாவுக்கட்டோடு தன் பஞ்சு மெத்தையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆளே பாதியாகிவிட்ட மாதிரி இருந்தது. சின்ன அறைப் பக்கமே வரவில்லை. நான் ஹாலில் நடந்தால் அவர் காலை உள்ளே இழுத்துக்கொள்வார். உண்மையைச் சொன்னால், நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா அந்த மெத்தையில் படுத்தாள். முதலில் வழக்கம்போல ஒருக்களித்து. பிறகு, நான் தோளைப் பிடித்துத் திருப்ப, மெதுவாக மல்லாந்தாள். ஃபோம் அவளை மெல்ல உள்வாங்கிக்கொண்டது. முட்டியை நீட்டினாள். எத்தனை வருஷம் கழித்து அவளை முழு நீளத்தில் பார்க்கிறேன். என் அம்மா இவ்வளவு உயரமா என்று இருந்தது.

"எப்படிம்மா கீது?"

"நல்லாத்தாண்டீ கீது" என்றாள் என்னைப் பார்த்து. "இடுப்பு வலியே தெரில. நாளைக்கு முருங்கக்கீரை ஆயணும், சும்மா படுத்துகினு இருந்தா ஆவாது."

பேசிக்கொண்டே இருந்தாள். ஜன்னல் வழியாக வெயில் அவள் முகத்தில் விழுந்தது, கண்ணைச் சுருக்கினாள். திரையை இழுத்துவிடலாம் என்று கட்டிலுக்குக் குறுக்கே குனிந்து கையைத் தூக்கினேன்.

அம்மா இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். முட்டி வயிற்றுக்குப் போய்விட்டது. முதுகு சுவரைத் தேடி ஒட்டிக்கொண்டது.

நைனா ஹாலில் இருந்தார். அறையில் நான் மட்டும்தான். அவள் இவ்வளவு நேரமும் என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல கண்ணு, சும்மா" என்றாள் கைக்கு உள்ளிருந்து. ஆனால் கையை எடுக்கவில்லை.

தூக்கிய கையை அவள் பார்க்கும்படி மெதுவாக இறக்கி, பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வெயில் அவள் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. திரையை இழுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.