அக்காவுக்காகப் பூட்டிய சைக்கிள்

யுத்த காலத்தில் தேனிக் கடைவீதியில் சைக்கிளைப் பற்றி என்னைவிட அதிகம் பேசியவன் கிடையாது. ஜவுளிக் கடையில் துணி கிழித்துக்கொண்டே சைக்கிள் பேசுவேன். அந்த வாய்தான் எங்கள் அக்காவைக் கெடுத்தது.

அவளை வருசநாட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். ஐப்பசியில் குளிர் காய்ச்சல் பிடித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. தம்பி வந்து கூட்டிப் போகட்டும், தேனியில் டாக்டரிடம் காட்டிக்கொண்டு அம்மாவோடு இருக்கிறேன் என்று சொல்லியனுப்பினாள். அத்தானுக்கு வெள்ளாமையை விட்டு நகர வழியில்லை. அந்த ஊருக்குப் பஸ்ஸும் கிடையாது.

சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டி வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். என்னுடையது இருபத்தெட்டு இஞ்ச் வீல். அக்கா குள்ளம், அவ்வளவு உயரம் ஏறி உட்கார வராது. இருபத்தாறு போட்டால் சுலபம் என்று நானே முடிவு செய்தேன். சைக்கிள் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இருபத்தெட்டுக்கே டயர் கிடைக்காதபோது இருபத்தாறுக்கு எங்கே போவது என்றார். மதுரைக்கு ஆள் சொல்லியனுப்பி ரிம்மும் டயரும் வரவழைத்தேன். ரிம்மில் கம்பி கோக்க நாற்பது ஓட்டை இருந்தது, வீலின் நடுவில் வரும் ஹப்பில் முப்பத்திரண்டுதான். பின் வீலில் பாரம் ஏறும், நாற்பது கம்பி இல்லாமல் பூட்டவே கூடாது என்று நின்றேன். சரியான ஹப் வருவதற்குள் கார்த்திகை போய்விட்டது.

வீல் சின்னதானதால் முன் வீலைத் தாங்கும் பழைய ஃபோர்க்கில் பிரேக் கட்டை ரிம்மைத் தொடவில்லை. வேறு ஃபோர்க் வந்தது. வளைவே இல்லாமல் செங்குத்தாக இருந்தது. கல் ரோட்டில் தூக்கித் தூக்கிப் போடும் என்று திருப்பி அனுப்பினேன்.

"பின்னால உக்காருறவுகளுக்கு முன்னால இருக்க ஃபோர்க்கால என்னங்க ஆகப்போகுது? போய்ட்டு வாங்க" என்றார் கடைக்காரர்.

இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இதற்கிடையில் அக்காவிடமிருந்து இரண்டு தடவை ஆள் வந்தது. சைக்கிள் தயாராகிறது என்று சொல்லியனுப்பினேன்.

வளைந்த ஃபோர்க் வந்து சேர்ந்து, மாசி பிறந்துதான் கிளம்பினேன். அருமையான சைக்கிள், பொய் சொல்லவில்லை. ஆற்று மணலில் மட்டும் இறங்கித் தள்ளினேன். மற்றபடி கல்லும் குழியும் தெரியவேயில்லை. சந்தோஷமாகவே போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பு.

அக்கா பாயில் கிடந்தாள். கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பியிருந்தது. அத்தான் தூக்கிக் கேரியரில் உட்காரவைத்தார். பிடித்துக்கொள்ளக் கையில் வலுவில்லை. ஒரு பக்கமாகச் சரிந்தாள். போர்வையை மடித்துப் போட்டோம். துண்டால் என் முதுகோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தோம். பத்தடி போவதற்குள் தலை தொங்கிவிட்டது.

இறக்கிப் படுக்கவைத்தோம். அவள் கோபப்படவில்லை. சைக்கிள் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"ஏன் தம்பி, மாட்டுவண்டி கட்டிட்டு வந்திருந்தா ஐப்பசியிலயே படுத்துக்கிட்டு வந்திருப்பேனே?"

எனக்கு அது தோன்றவேயில்லை. எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் வண்டி இருந்தது.

அத்தான் உடனே வண்டி கேட்கப் போனார். மறுநாள் காலையில் அது வந்து நின்றபோது அக்காவின் உயிர் போய்விட்டிருந்தது. அம்மாவிடம் துஷ்டி சொல்ல நான்தான் கிளம்பினேன். தேனி போய்ச் சேரும் வரை சைக்கிள் ஓர் இடத்தில்கூடத் தொந்தரவு கொடுக்கவில்லை.