கையெழுத்தும் முத்திரையும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆலைக்காரர்கள் சேர்ந்து நடத்திய சங்கத்தில் நான் செயலாளராக இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. சங்கத்துக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்று விடாமல் பேசி வாங்கியவன் நானே. எந்த ஆலையில் ஆள் எடுத்தாலும் அறிவிப்பு அதில் வந்துவிடும். எனக்கு அதில் பெருமை.

அறிவிப்பைக் கணினியில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, சங்கத்தின் பெயர் பொறித்த தாளில் அச்செடுப்போம். நான் கையெழுத்திட்டு ஊதா மையில் முத்திரை குத்துவேன். பிறகு தாளை ஸ்கேன் செய்து படமாகத் தளத்தில் ஏற்றுவோம். முத்திரை இல்லாததை யாரும் நம்பமாட்டார்கள் என்பது என் கட்சி.

என் மனைவியின் தம்பி பக்கத்திலிருந்த ஆரணியில், தன் அண்ணன் வீட்டில் இருந்தான். ரசாயன ஆலையில் குழாய் வெடித்து இரண்டு கண்களும் போனவன். சென்னைக்குப் போய் டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி முடித்தான். திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துக் கணினியும் பழகினான். பக்கத்து ஆலை எதிலாவது ஆபரேட்டர் வேலை கிடைத்தால் அண்ணியின் முகம் கோணாத சோறு தின்னலாம் என்பான். வயது முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் எடுக்கமாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னான்.

"தெனம் உங்க சைட்ட தொறந்துக்கினுதான் கீறேன் மாமா. 'கிராஃபிக்'னு ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டு கம்முனு ஆயிடுது. கீழ எழுத்தாவும் போட்டா எனுக்குப் படிக்கும்."

படத்துக்குள் இருக்கும் எழுத்தை அந்த மென்பொருளால் படிக்க முடியாது. பார்க்கலாம் என்றேன். எழுத்து எங்கள் கணினியிலேயே இருந்தது. எடுத்துப் படத்துக்குக் கீழே ஒட்டினால் முடிந்தது. தாளின் அழகு கெடும் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த மாதமும் கேட்டான். அப்போதும் அதையே சொன்னேன்.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. ஓர் இரும்பு ஆலைக்கு டெலிபோன் ஆபரேட்டர் தேவை, மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை. நான்தான் கையெழுத்திட்டேன். அவன் நினைவு வந்தது. தினமும் தளத்தைத் திறக்கிறவன், பார்த்திருப்பான் என்று எண்ணிக்கொண்டேன். பார்த்திருப்பான் என்றேதான் எண்ணினேன்.

அவனோடு பயிற்சி பெற்ற ஒருவர், கால் ஊனமுள்ளவர், அதைப் பார்த்து விண்ணப்பித்து வேலையும் வாங்கினார். இனிப்போடு அவன் வீட்டுக்குப் போனார். அவர் வாயால்தான் அவனுக்குச் செய்தி தெரிந்தது.

மறுநாள் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். கணினியைத் திறந்து அதைப் படித்துக் காட்டச் சொன்னான். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி. "கீது" என்றான். ஆபரேட்டர் பயிற்சிச் சான்றிதழ். "கீது." தெலுங்கு பேசத் தெரிந்தால் நல்லது.

"நைனா நைனான்னே பேசி எல்லாரையும் மடக்கிருப்பேன்" என்று சிரித்தான். அடுப்படியில் என் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

நான் அதோடு நிறுத்தினேன்.

"கடைசி தேதி போட்டிருப்பாங்களே. அதையும் படிங்க மாமா."

படித்தேன்.

"சீலு எங்க கீது?"

"கீழே, வலது கைப் பக்கம்."

"நல்லா வுழுந்துகீதா?"

ஆமாம் என்றேன். எழுந்து செருப்பைத் தடவி மாட்டிக்கொண்டு கிளம்பினான். அக்கா கூப்பிட்டும் சாப்பிடவில்லை.

அந்த வாரமே எல்லா அறிவிப்புக்கும் கீழே எழுத்தை ஒட்டச் செய்தேன். அரை நாள் வேலை. அவனிடம் சொல்ல ஆள் அனுப்பினேன். கணினியை விற்றுவிட்டதாகப் பதில் வந்தது. அவன் வயது வரம்பைத் தாண்டும்வரை வேறு ஆலை எதுவும் ஆபரேட்டர் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் வந்துகொண்டிருந்தேன். எண்ணூர் தாண்டியதும் அவன் குரல் கேட்டது. ஊக்கு, சீப்பு, ஏ.டி.எம். கார்டு உறை என்று கூவிக்கொண்டு கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்தான். என் முழங்காலில் இடித்துக்கொண்டான்.

"மன்னிச்சிக்குங்க சார்" என்றான்.

பேசினால் குரலில் என்னைத் தெரிந்துகொள்வான். நான் வாயைத் திறக்கவில்லை. பதிலுக்காகக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தான்.