பொழிமுகத்தில் மாமி போட்ட கூச்சல்

எங்கள் மாமா துபாயில் கப்பல் கேப்டனாக இருந்தார் என்று ஏரலில் இன்றைக்கும் நாலு பேர் நம்புகிறார்கள். மாமா பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. ஊர் சொன்ன பொய்யை அவர் மறுக்கவில்லை, அவ்வளவுதான். ‘போட்டுல வேலை’ என்று உம்மாவிடம் போனில் சொன்னார். உம்மா தன் தம்பியைப் பற்றிய பெருமையில் பக்கத்து வீட்டில் ‘போட்டு ஓட்டுதான்’ என்றாள். அந்தப் பேச்சு கடைத்தெருவைச் சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது மாமா கேப்டன் ஆகியிருந்தார். யாருடைய வெள்ளைத் தொப்பியையோ வாங்கித் தலையில் வைத்து அவர் எடுத்து அனுப்பிய படம் மிச்ச வேலையை முடித்துவைத்தது.

உண்மை எனக்குத் தெரியும். ஒருநாள் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்த உம்மா, போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அந்தப் பக்கம் மாமாவின் கையிலிருந்து போன் நழுவி விழுந்தது. அவர் குனிந்து எடுப்பதற்குள் நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். மாமாவின் நெஞ்சு வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் துணி. பின்னால் மலையாக எச்சில் தட்டுகள். ஜன்னலே இல்லாத அறை. வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு, சாப்பாடு போட்டு, தண்ணீரில் ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிற பெரிய மரக்கப்பல் அது. மாமா அதன் அடித்தட்டில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

“ஏ புள்ள, உம்மாட்ட சொல்லிராத. அல்லா மேல ஆணை” என்றார், போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆணை என்றால் நடுங்குகிற வயது.

அந்தத் தொப்பிக்குத்தான் காயல்பட்டினத்தில் பெண் கிடைத்தது. அங்கே கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருக்க வேண்டும். மாமாவும் பெட்டியோடு போய்ச் சேர்ந்தார். மாமியின் வாப்பா கண்டிப்பான மனிதர். ஏதோ ஒரு விஷயத்தில் பொய் சொன்னார் என்பதற்காகத் தன் கூடப்பிறந்த தம்பியையே வாசற்படி ஏறவிடாமல் வைத்திருந்தவர். அவர் பள்ளிவாசலுக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் ‘நம்ம மாப்பிள்ளை கேப்டன்’ என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தார். விஷயம் உடைந்தால் மாமா போட்டது போட்டபடி ஏரலுக்குத் திரும்ப வேண்டியதுதான். மாமி கூட வர மாட்டாள். வர விடவும் மாட்டார்கள். இதெல்லாம் யாரும் எனக்கு விளக்கிச் சொன்னதில்லை. பெரியவர்கள் பேச்சில் காதை வைத்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்குமா?

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மாமாவைப் பார்க்க நானும் உம்மாவும் காயலுக்குப் போய்ச் சில நாள் தங்கினோம். மாமாவின் விரல் இடுக்குகளில் தோல் உரிந்து வெடித்திருந்தது. கடல் உப்பு அப்படிச் செய்யும் என்று மாமா சொன்னார். மாமி அந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தினமும் அதில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

மாமா துபாய்க்குத் திரும்ப இன்னும் சில நாள்தான் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மாமியின் வாப்பா வேலையைப் பற்றிக் கேட்கப்போக, மாமா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். பொழுது சாயும்போது கப்பலை எடுப்போம், சூரியன் அப்படியே கடலுக்குள் இறங்கும், வெள்ளைக்காரர்கள் கைதட்டுவார்கள் என்று அளந்துவிட்டார். பெரியவர் கையைக் கழுவிவிட்டு, “அப்பம் நமக்கும் ஒருநா காட்டுங்க மாப்பிள்ளை” என்றார். மாமா சரி என்று சொல்லிவிட்டார். சொல்லாமல் என்ன செய்வார்?

ஆகவே ஒரு சாயங்காலம் புன்னைக்காயலில் எங்களுக்கென்றே ஒரு வள்ளம் பேசி நிறுத்தப்பட்டது. மீன் பிடிக்கிற ஃபைபர் வள்ளம்தான். மாமா அதைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, பாய் விரித்து, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஃபிளாஸ்கில் டீயும் ஒரு தூக்குச்சட்டியில் சமோசாவும் வைத்திருந்தார். இருந்த ஒரே ஆரஞ்சு நிறச் சட்டையை, மிதக்கிற சட்டையை, எனக்குப் போட்டு இறுக்கிக் கட்டினார். உம்மாவை ஏற்றுவதற்குள் போட்டுக்காரருக்கும் மாமாவுக்கும் மூச்சு வாங்கிவிட்டது. மாமி கறுப்பு அங்கியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, தண்ணீரில் இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தாள்.

தாமிரபரணி அங்கே நாணல் ஓரமாக அலுங்காமல் நடந்து கடலில் சேர்கிறது. சேருகிற இடத்துக்குப் பொழிமுகம் என்று பெயர். ஆறு கொண்டுவந்த மணல் அங்கே தண்ணீருக்கடியில் திட்டாகக் கிடக்கும். கடலலை அதில் தட்டி உடையும். போகும்போது தண்ணீர் ஏறி நின்றதால் வள்ளம் இரண்டு குதி குதித்துவிட்டு வெளியே போய்விட்டது. உம்மா மட்டும் பயத்தில் நபி மேல் ஸலவாத்து ஓதினாள். தெற்கே திரும்பிக் கரையை ஒட்டிப் போனோம்.

மாமா எழுந்து நின்று வழிகாட்டி வேலை பார்த்தார். கொற்கையில் முத்து எடுத்த காலத்தில் இங்கேதான் கப்பல்கள் வந்து நிற்கும், அரபு நாட்டிலிருந்து குதிரைகளை இறக்கிய கரை இதுதான் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். அவர் பேச்சில் பழையகாயலும் காயலும் ஒன்றுக்கொன்று இடம் மாறின. மாமியின் வாப்பா அதைத் திருத்தாமல் தாடியைத் தடவிக்கொண்டார். மாமி இதில் எதையும் கேட்கவில்லை. முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைக்காமல், வள்ளத்தின் விளிம்பில் முழங்கையை ஊன்றி, வாயைக் கொஞ்சம் திறந்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அவ்வளவு அழகு என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு மாமா எல்லாரையும் நாற்காலியில் உட்கார வைத்தார். நாற்காலிகள் கடலைப் பார்த்துக் கிடந்தன. நாங்களும் கடலைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தோம். வெயில் எங்கள் பிடரியில் அடித்தது. சூரியன் கடலில் இறங்குவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம்.

போட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். “அண்ணே, என்னத்தப் பாக்கிய? சூரியன் பின்னால லா விழுது.”

திரும்பிப் பார்த்தோம். சூரியன் காயல் பனைமரங்களுக்குப் பின்னால் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. நம் பக்கத்துக் கடலில் சூரியன் உதிக்கும், விழாது. இது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். துபாயில் கடல் மேற்கே இருப்பதை மாமா அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

உம்மா சிரித்தாள். மாமாவும் சிரித்தார். மாமியின் வாப்பா சிரிக்கவில்லை. நாற்காலியை மெதுவாகத் திருப்பிப் போட்டு, மாமாவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். “கேப்டனுக்குத் திசை தெரியாமப் போச்சே” என்றார். கேலி மாதிரித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் விடவில்லை. “நீங்க கொஞ்சம் ஓட்டுங்களேன் மாப்பிள்ளை.” மாமா, தான் ஓட்டுவது ஸ்டியரிங் வைத்தது, இது சின்ன எஞ்சின் என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார். மாமா போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவர் முகத்தில் வேர்வை. காற்று அடிக்கிற கடலில் அவர் ஒருவருக்குத்தான் வேர்த்தது. பெரியவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். பேசினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

திரும்பி வந்து பொழிமுகத்துக்கு வெளியே நின்றபோது வெளிச்சம் மங்கிவிட்டது. தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. நாங்கள் போக வேண்டிய வழியில் வரிசை வரிசையாக வெள்ளை நுரை உடைந்தது. போட்டுக்காரர் எழுந்து நின்று அலையைப் பார்த்தார். ஒரு பெரிய அலையைப் போகவிட்டு அதன் முதுகிலேயே போய்விட வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருகிற அலை வள்ளத்தைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும் என்று உம்மாவிடம் சொல்லி, கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

அப்போதுதான் மாமியின் வாப்பா போட்டுக்காரரிடம், “நீரு எந்திரியும். மாப்பிள்ளை பிடிக்கட்டும்” என்றார்.

“இங்கன வேண்டாம் அண்ணாச்சி.”

“துபாய்ல கப்பல் ஓட்டுதவருக்கு இது ஒரு பொழியா? பிடிங்க மாப்பிள்ளை. பாப்போம்.”

அந்தப் ‘பாப்போம்’ எல்லாருக்கும் புரிந்துவிட்டது. உம்மாவின் சிரிப்பு நின்றது. போட்டுக்காரருக்கும் ரோசம் வந்திருக்க வேண்டும், ஒதுங்கி இடம் விட்டார். மாமா முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அவரால் முடியவில்லை. எழுந்துவிட்டார். எஞ்சின் பிடியை எந்தப் பக்கம் தள்ளினால் வள்ளம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. இது எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் மாமாவின் வாழ்க்கை போய்விடும். சொல்லாவிட்டால் எல்லாரும் போய்விடுவோம். ஆணை வேறு. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

கத்தியது மாமி.

“யா அல்லா! எனக்குப் பயமா இருக்கே! என்னெ விட்டுட்டுப் போவாதிய!”

நாற்காலி கவிழ, பாய்ந்து வந்து மாமாவின் கையை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு அவரைக் கீழே இழுத்தாள். மாமா பொத்தென்று உட்கார்ந்தார். “செத்துருவேன், நா செத்துருவேன், என் பக்கத்துலயே இருங்க” என்று ஊரே கேட்கும்படி அலறினாள். முக்காடு கழன்று விழுந்தது. அதைக்கூடச் சரிசெய்யவில்லை. பெரியவருக்கு மானம் போய்விட்டது. “என்னளா இது? கடக்கரையில பொறந்த புள்ள! மாப்பிள்ளையை விடு!” என்று அதட்டினார். அவர் அதட்ட அதட்ட அவள் இன்னும் கெட்டியாகப் பிடித்தாள்.

போட்டுக்காரர் யாரையும் கேட்கவில்லை. “அண்ணே, நீங்க அவியளப் பிடிச்சுக்கிடுங்க” என்று எஞ்சினுக்குத் தாவிவிட்டார். ஒரு பெரிய அலை எங்களுக்கு அடியில் புகுந்து எங்களைத் தூக்கிவிட்டுப் போனது. அதன் பின்னாலேயே வள்ளம் பாய்ந்தது. இரண்டு பக்கமும் நுரை. மாமி ஒரு காலை நீட்டி என்னை வளைத்து இழுத்துத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டாள். அவள் அலறல் என் உச்சந்தலையில் இறங்கியது. நடுவில் ஒரு முறை, உப்பு எடுங்க என்று கேட்கிற குரலில், மாமாவின் காதோரம் பேசியது எனக்குக் கேட்டது.

“எந்திரிக்காதிய. அப்படியே இருங்க.”

உடனே மறுபடி அலறினாள். பயம் வந்தால் குரல் ஏறும் இறங்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வள்ளம் தட்டுத் தடுமாறி ஆற்றுக்குள் நுழைந்ததும் எல்லாம் அமைதியாகிவிட்டது. மாமியின் வாப்பா மாமாவிடம், “இவ இப்படி நடந்துக்கிட்டதுக்கு ஒண்ணும் நெனச்சுக்கிடாதிய மாப்பிள்ளை” என்று வருத்தம் சொன்னார். மாமா தலையை ஆட்டினார். இறங்கும்போது நான் ஒரு பக்கம் மாமியின் கையையும் மறு பக்கம் மாமாவின் கையையும் பிடித்திருந்தேன். நடுங்கியது மாமாவின் கை. மாமியின் பயம் அவருக்கும் ஒட்டிக்கொண்டது போல, பாவம் என்று இருந்தது. ஆணையும் உடையவில்லை, மாமாவும் பிழைத்தார். மாமி பயந்தாங்கொள்ளியாக இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அன்றிரவு அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டுத் தூங்கினேன்.

விஷயம் சொந்தக்காரர்கள் வீடுகளுக்கெல்லாம் போய்விட்டது. மாமி தட்டைக் கீழே போட்டால், “அலையைக் கண்டுட்டாளோ?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மாமா துபாய்க்குக் கிளம்பும் முன்னால் ஒரு சாயங்காலம் எல்லாரும் காயல் கடற்கரைக்குப் போனோம். மற்றவர்கள் தண்ணீரில் கால் நனைக்கப் போனார்கள். “நீ அங்கனயே இரு, அப்புறம் கத்தி ஊரைக் கூட்டிராத” என்று உம்மா மாமியை மணலில் உட்கார வைத்து, செருப்புகளையும் பைகளையும் அவள் மடியருகே குவித்தாள். மாமி முழங்காலைக் கட்டிக்கொண்டு, காற்றில் முகத்தைத் தூக்கி, கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தேன்.

“பயமா இருந்தா பாக்காதிய மாமி. இப்படித் திரும்பி உக்காருங்க.”

தண்ணீரில் நின்ற மாமா அதைக் கேட்டு எங்களைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் மாமியின் வாப்பா நின்றுகொண்டிருந்தார். மாமா வாயை மூடிக்கொண்டார்.

மாமி என்னைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். “ஆமா தங்கம், பயமாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். அவளுக்கு நல்லது செய்துவிட்ட நிறைவோடு நான் அலையைப் பார்த்து ஓடினேன்.