மெதுவாக இழுத்த ஊசி

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஊசிக்காரர் என்றுதான் பெயர். கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனையில் வேற்றுப்பொருளைத் தாக்க ரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருள் ஒன்றே ஒன்றை ஒட்டி, அது பிடிக்கக்கூடிய புரதத்தின் மேல் இறக்கி, திரும்ப மேலே இழுப்பார். பிடி விடுகிற கணத்தில் திரையில் கோடு சடாரென்று விழும். எவ்வளவு விசைக்கு விட்டது என்பதுதான் கணக்கு. பசையும் இல்லை, ஆணியும் இல்லை. மேடும் பள்ளமும் பொருந்தி, சின்னச் சின்ன ஈர்ப்புகள் கூடிப் பிடிக்கிற பிடி. புதிதாக வருகிறவர்களிடம் தவறாமல் சொல்வார்: "மெதுவா இழுத்தா கொஞ்ச விசைக்கே விட்டுடும். அதைப் பார்த்துப் பிடி லேசுன்னு ஏமாந்துடாதீங்க." சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு இது அவர் மனைவிக்கும் மனப்பாடம்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது, "என்னோடதுல ஒண்ணை எடுத்துக்குங்க" என்று முந்திக்கொண்டு நின்றார். கொடுக்க வேறு ஆளும் இல்லை. பொருத்தம் பார்த்ததில் இடி விழுந்தது. அவருடைய அணுக்களை அவள் ரத்தத்திலிருந்த எதிர்ப்பொருள் இறுகப் பிடித்துக்கொண்டது.

"குழந்தை உண்டா?" என்றார் டாக்டர்.

"ஒரு பையன். பொறந்த வாரமே போயிட்டான்," என்றாள்.

"குழந்தைகிட்ட பாதி அப்பாவோட அடையாளம்மா. அதை உங்க உடம்பு அப்பவே வேத்தாள்னு படிச்சு வச்சிடுச்சு."

அந்த எதிர்ப்பொருளை நீக்க ரத்தத்தைச் சலித்துப் பார்த்தார்கள். எதிர்ப்பொருள் மறுபடி ஊறியது. இனி வழியில்லை என்றார்கள்.

ஊசிக்காரர் சும்மா இருப்பாரா? சோதனைக்கு எடுத்த அவள் ரத்தத்தில் மிஞ்சியதைக் கெஞ்சி வாங்கி, ஊசியில் அவளுடைய எதிர்ப்பொருளையும் தட்டில் தன் புரதத்தையும் வைத்து இழுத்தார். வரைபடத்தோடு டயாலிசிஸ் அறைக்கு ஓடினார்.

"பாரும்மா, பிடி லேசாத்தான் இருக்கு! டாக்டர்கிட்ட பேசறேன்."

அவள் தாளையும் பார்த்தாள், அவர் முகத்தையும் பார்த்தாள்.

"ஏங்க, எவ்வளவு வேகத்துல இழுத்தீங்க?"

அவர் தாளை மடிக்கத் தொடங்கினார்.

"என்கிட்டயேவா உங்க வித்தை, ஊசிக்காரரே?" சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "அவன் முகம்கூட எனக்குச் சரியா ஞாபகமில்லைங்க. என் ரத்தம் மட்டும் இத்தனை வருஷமா அவனை மறக்கலை பாருங்க."

மறுநாள் வழக்கமான வேகத்தில் இழுத்தார். கோடு விறுவிறுவென்று ஏறியது.

"விட்டுடுடா கண்ணா," என்றார், பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில்.

கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.