லாபம், ரெண்டு, மூணு

எனக்கு ஒன்பது வயது நடந்த கோடை விடுமுறையில் அம்மாவின் மூச்சை எண்ணும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. தெருவில் மற்ற பிள்ளைகள் மாங்காய் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கூடத்தில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒன்றிலிருந்து பத்துவரை சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து முடிந்தால் அம்மா இரும வேண்டும். இருமினால் என் வேலை முடியும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் ஒன்று.

அம்மாவுக்கு மார்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இருதயத்துக்குள் இருக்கும் கதவு ஒன்று சரியாகத் திறக்கவில்லை, அதைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று அப்பா வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எங்கள் கடையின் பலகைக் கதவு மழைக்காலத்தில் ஊதிக்கொண்டு மக்கர் பண்ணும். அந்த மாதிரி என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கதவைத் திறக்க இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகுவரை கிழிக்க வேண்டியிருந்தது ஏன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பிய அன்று அப்பா என்னையும் கூட்டிப் போயிருந்தார். அங்கே இருந்த நர்ஸ் அக்காவை நான் கேள்வி கேட்டே கொன்றிருக்கிறேன். கடைசியில் அவள் என் கையைப் பிடித்து அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் நிறுத்தி, "இவ்ளோ பேசறியே, ஒரு வேலை குடுத்தா செய்வியா?" என்றாள். சாப்பிட்டதும் வலி மாத்திரை. அரைமணி கழித்து நிமிர்ந்து உட்கார்ந்து, தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு பத்து பெரிய மூச்சு. ஒவ்வொரு மூச்சையும் கொஞ்சம் நிறுத்தி வைத்து விட வேண்டும். அதன் பிறகு தலையணையை அழுத்திப் பிடித்து இருமி, சளியைத் துப்ப வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தரம்.

"வலிக்குதுன்னு மேலாக்க மூச்சு வுட்டாங்கன்னா அடியில சளி கட்டிக்கும். அப்பறம் காய்ச்சல் வரும், திரும்ப இங்கதான் வரணும். நீதான் பாத்துக்கணும்" என்றாள். நான் தலையாட்டினேன். அப்பாவுக்கும் இதெல்லாம் சொன்னாள், ஆனால் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள் என்று எனக்குப் பெருமை.

விழுப்புரம் வரை ரயில். அங்கிருந்து திருக்கனூருக்கு வாடகைக் கார். டிரைவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால், "பள்ளம் வருதும்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா தலையணையை இறுக்கிக்கொள்வாள். அந்தச் சாலையில் அவர் சொல்லாமல் விட்ட இடங்களை எண்ணிவிடலாம்.

எங்கள் வீடு கடைத்தெருவில், கடைக்குப் பின்கட்டு. அப்பாவுக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, நெல் வியாபாரம். நாங்கள் வந்து சேர்ந்தபோது மல்லாட்டை அறுவடை நேரம். முன்கட்டில் வண்டி வண்டியாக வந்து இறங்கும், தூசி பறக்கும். தூசி வந்தால் தும்மல் வரும். தும்மல் என்றால் அம்மாவுக்கு ஆபரேஷனைவிடப் பயம். "மயக்க மருந்து குடுத்துட்டுக் கிழிச்சாங்க, எனக்கு இன்னா தெரியும்? இது முழிச்சிக்கினு இருக்கும்போதே கிழிக்குது" என்பாள். இருமும்போது அவள் முகம் ஒருபக்கமாகக் கோணிக்கொள்ளும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இடது கையைத் தூக்கித் தலைவாரிக்கொள்ளக்கூட முடியாது.

நானும் ஒழுங்காகத்தான் எண்ணினேன் என்று சொல்ல மாட்டேன். வெளியே பிள்ளைகள் சத்தம் கேட்டால் நாலுக்கு அப்புறம் ஆறு வரும். ஒரு நாள் மூன்றிலிருந்து நேரே ஏழுக்குப் போனேன். அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. பாவம், அம்மாவுக்குக் கணக்கு வராது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் செலியமேட்டிலிருந்து அத்தை வந்தார். அப்பாவுக்கு அக்கா. வந்த கையோடு சமையல்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். மிளகாய் நெடி ஏறித் தும்மல் வரும் என்று வீட்டில் தாளிப்பையே நிறுத்தினார். தாளிக்காத குழம்பை நாங்கள் எல்லோரும் வாய் திறக்காமல் சாப்பிட்டோம். அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட்டு, சிக்கெடுத்துப் பின்னல் போட்டுவிட்டதும் அவர்தான். அத்தையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் வந்த பிறகுதான் வீடு வீடாக இருந்தது.

அன்று மத்தியானம் மாத்திரை போட்டு அரைமணி ஆனதும் நான் என் முக்காலியில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். மூன்று சொல்லி நாலு சொல்வதற்குள் அத்தை கரண்டியும் கையுமாக ஓடி வந்தார்.

"இன்னாடி எண்ணிக்கினு இருக்கிற?"

"அம்மா மூச்ச."

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு என் வாயைப் பொத்தினார். "பெத்தவ மூச்ச எண்றியாடி? எப்ப அடங்கும்னு பாத்துக்கினு, போற உசுருக்கு எண்ணுவாங்கடி அத. பொழச்சி வந்து உக்காந்திருக்கறவளுக்கு யாராவது எண்ணுவாங்களா?"

நர்ஸ் அக்கா சொன்னாள் என்று அவர் பொத்திய கைக்குள்ளேயே சொன்னேன். "அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும், அது எந்த ஊரோ" என்றார் அத்தை. பிறகு அம்மா பக்கம் திரும்பி, "நீயும் லொக்கு லொக்குனு இருமிக்கினு கெடக்காத கண்ணு. புண்ணு வாய் தொறந்துக்கும். அசையாம படு" என்றார்.

"செரிங்க அண்ணி" என்றாள் அம்மா. இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி என்று சொல்லி நான் பார்த்ததில்லை. தலையணையை மார்பிலிருந்து எடுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். எனக்கும் சரியாகப் போயிற்று. மாங்காய் அடிக்கப் போய்விட்டேன்.

இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. அம்மா இருமவில்லை, அழவில்லை. மாத்திரைகூடச் சில வேளை வேண்டாம் என்றாள், அசையாமல் கிடந்தால் வலி குறைவுதானே. "பாத்தியா, எப்படித் தேறிக்கினு வர்றா" என்றார் அத்தை. கடையில் மும்முரமாக இருந்த அப்பா எட்டிப் பார்த்து, அம்மா தூங்குகிறாள் என்று திரும்பிப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் நான் கட்டிலில் ஏறி அம்மாவின் காலைத் தொட்டேன். சுட்டது. மூச்சு குட்டி குட்டியாக, வேக வேகமாக வந்துகொண்டிருந்தது. பேசினால் இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நின்றாள். நான் கடைக்கு ஓடினேன். அப்பா பாதி அளந்த நெல்லை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

கடைத்தெரு டாக்டர் வந்து, அம்மாவின் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். "இடது பக்கம் அடியில காத்தே போகல. இவங்க இருமறாங்களா இல்லியா?" என்றார். ஊசி போட்டுவிட்டு, அப்பாவைத் தள்ளிக் கூட்டிப் போய்ச் சொன்னார். நான் பின்னாலேயே போனேன். "இன்னைக்கும் நாளைக்கும் பாருங்க. மூச்ச நல்லா இழுத்து, இருமி வெளிய கொண்டாரணும். இல்லன்னா மெட்ராசுக்கே தூக்கிக்கினு போங்க. ஆனா இந்த உடம்பு அந்தப் பயணம் தாங்குமான்னு நான் சொல்ல மாட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன், நாலுக்கு அப்புறம் ஆறு சொன்னதையும் சேர்த்து. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

அத்தை சுவரோரமாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நல்லதுக்குத்தான்டா சொன்னேன். மூச்ச எண்ணக்கூடாதுடா தம்பி. நம்ம வூட்ல எண்ணினது யாருக்குன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார். அவர்களுடைய அப்பாவுக்கு எண்ணியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அப்பா முன்கட்டுப் பக்கம், பாதி அளந்து விட்டுவந்த நெல்லைத் திரும்பிப் பார்த்தார்.

"எண்ண வாணாங்க்கா. அளக்கலாம்" என்றார்.

நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்பார்கள். அதற்குப் பிறகுதான் ரெண்டு, மூணு. அளப்பவர் அந்தச் சொல்லைச் சும்மா சொல்லிவிடுவதும் இல்லை. அடுத்த மரக்கால் நிறையும்வரை அதையே இழுத்துப் பாடிக்கொண்டிருப்பார், இடையில் விட்டால் கணக்கு தப்பிவிடும். அப்பா தன் காலத்தில் லட்சம் மரக்கால் அளந்திருப்பார்.

அன்று அறுவடை நேரத்தில் கடையைப் பாதி சாத்தினார். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, அரைமணி காத்திருந்து, அவளைத் தூக்கி உட்காரவைத்துப் பின்னால் தானும் உட்கார்ந்துகொண்டார். தலையணையை மார்பில் வைத்து, இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தார்.

"லா...பம்" என்று இழுத்தார். அந்த இழுப்பு முடியும்வரை அம்மா மூச்சை உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. "ரெ...ண்டு." நான் சொன்ன ஒன்று, இரண்டு எல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தை முதலில் காதைப் பொத்திக்கொண்டார். லாபம் என்ற சொல்லை எதிர்த்து வியாபாரி வீட்டில் பிறந்தவர் என்ன சொல்லிவிட முடியும்? ஆறாவதுக்கு வந்தபோது எச்சில் படிக்கத்தைக் கழுவிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

இருமச் சொன்னதும் அம்மா மாட்டேன் என்றாள். "வுடுங்க, என்னால முடியல. கையெடுத்துக் கும்புடறேன், வுட்ருங்க" என்று அழுதாள். அப்பா விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இருமு" என்றார். அவள் இருமினாள். மறுபடியும் இரும வைத்தார். மஞ்சளாகக் கட்டி கட்டியாக வந்தது. "ம், இன்னொண்ணு" என்றார் அப்பா, எதுவுமே நடக்காதவர் மாதிரி.

எனக்கு அப்பாவை அன்று பிடிக்கவே இல்லை. கெஞ்சுகிறவளைப் போய் இப்படிப் பண்ணுகிறாரே என்று ஆத்திரமாக வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அவளுக்கு அது தெரியாது. கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. வெயில் நேரம், வேர்க்கிறது என்று நினைத்தேன்.

மணிக்கு ஒரு தரம் அளந்தார். பகல் முழுக்க அந்தக் குரல் கடைத்தெருவுக்கே கேட்டது. பின்கட்டில் யாரோ நெல் அளக்கிறார்கள் என்று இரண்டு பேர் சாக்கோடு வந்துவிட்டுப் போனார்கள். மறுநாளும் அப்படியே. அன்று சாயங்காலம் டாக்டர் வந்து குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "காத்து போகுது" என்றார். அதற்கு அடுத்த நாள் உடம்பு சுடவில்லை. அத்தை சாமி மாடத்தில் விளக்கேற்றிவிட்டு, அப்பளம் பொரித்தார்.

அன்று மத்தியானம் அம்மா சாய்ந்தபடி தூங்கிப்போனாள். அப்பா என் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்கட்டில் ஒரு வண்டிக்காரர் வந்து, "சாமி, மூட்டைய எறக்கலாமா?" என்று குரல் கொடுத்தார். அப்பா திரும்பவில்லை. கடையில் ஆள் கூப்பிட்டு அவர் திரும்பாமல் இருந்து நான் பார்த்ததில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். அம்மாவின் மார்பு மேலே ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

"இன்னாப்பா பண்ற?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. கணக்கு" என்றார், பார்வையை எடுக்காமல்.

நான் முன்கட்டுக்குப் போய், "அப்பா கடைக் கணக்கு போட்டுக்கினு இருக்காரு, அப்பறம் வாங்க" என்றேன். வண்டிக்காரர் நம்பிவிட்டார். நானும் நம்பித்தான் சொன்னேன்.