வேங்கைக் கோப்பை வாங்கப் பல்லேகமவுக்குப் போனேன்

ரிவர்ஸ்டன் மேட்டில், த்ரீவீலர்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் புள்ளைங்கள பாத்துக்குங்க" என்று கதறி அழுதேன். எனக்குப் பிள்ளைகள் கிடையாது.

நடந்தது போன மார்கழியில். "அடுத்த டெஸ்ட்லயும் சீனி எறங்கலன்னா ஊசிதான்" என்று கண்டியில் டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் என் வயிற்றில் நானே குத்திக்கொள்ள வேண்டுமாம். காதுகுத்து வீட்டில்கூடக் கண்ணை மூடிக்கொள்கிற ஆள் நான். டெஸ்டுக்கு மூன்று வாரம் இருந்தது. பல்லேகமப் பக்கம் ஒரு வெதமாத்தயா, அதாவது சிங்கள வைத்தியர், வேங்கை மரக் கோப்பை தருகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அவருடைய மச்சான் இப்போது கருப்பட்டி போட்ட வட்டிலப்பமே சாப்பிடுகிறாராம். (மச்சானை இதுவரை யாரும் பார்த்ததில்லை.)

வேங்கையைச் சிங்களத்தில் கம்மாலு என்பார்கள். மரத்தின் வைரத்தில், அதாவது நடுக்கட்டையில், டெரோஸ்டில்பீன், பட்டையில் எபிகேட்டச்சின் என்று நாக்குச் சுளுக்கும் பெயர்களில் சரக்குகள் உண்டு. இவை சீனியைக் குறைக்கலாம் என்று படித்தேன்; யாருக்கு, எவ்வளவு என்று கேட்டால்தான் எழுதியவர்கள் இருமுகிறார்கள். கோப்பையில் இரவு முழுக்க ஊறிய தண்ணீரில் லேசாக நீலம் ஓடும். மருந்து இறங்கியதற்கு அதுதான் அடையாளம்.

காலை ஆறு மணி பஸ்ஸில் கண்டியிலிருந்து மாத்தளை, 26 கிலோமீட்டர். அங்கிருந்து ரிஸ்வான் நானாவின் (நானா என்றால் அண்ணன்) த்ரீவீலர், போக வர பன்னிரண்டாயிரம் ரூபாய். ரத்தோட்டை, ரிவர்ஸ்டன், இலுக்கும்புர வழியாகப் பல்லேகம ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். சீனி மாத்திரைகளை பஸ்ஸிலேயே விழுங்கியிருந்தேன். வைத்தியரிடம் வெறும் வயிற்றோடு போகவேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்ததால் சாப்பிடவில்லை.

வைத்தியரின் தோட்டத்தில் ஒரு வேங்கை நின்றது. பட்டை வெட்டிய இடத்திலிருந்து பிசின் ரத்தச் சிவப்பாக வழிந்தது. தொட்டுப் பார்த்து, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"இங்கிலிஷ் மருந்து எடுக்கிறீங்களா?" என்று வைத்தியர் சிங்களத்தில் கேட்டார்.

"ஐயோ, இல்லீங்க" என்றேன். டாக்டரிடம் நாட்டு மருந்தையும், நாட்டு வைத்தியரிடம் மாத்திரையையும் மறைப்பது நம் எல்லோருக்கும் கைவந்த கலை.

எனக்குக் கோப்பை எடுக்க அவர் உள்ளே போனார். முற்றத்து பெஞ்சில் இன்னொரு கோப்பை, நிறையத் தண்ணீர். உற்றுப் பார்த்தேன்: நீலம்! ஒரே மடக்கில் குடித்தேன். அவர் கொடுத்த புதுக் கோப்பையையும் வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

இலுக்கும்புர தாண்டி ஏறும்போது பனிமூட்டம் இறங்கியது. கை நடுங்கியது, குளிர் என்று நினைத்தேன். குளிரில் சட்டை தொப்பலாக நனையுமா? கண்ணின் ஓரங்கள் இருண்டன. மனைவியைக் கூப்பிட போனை எடுத்தேன். அவள் பெயர் நினைவுக்கு வரவில்லை. இருபத்தாறு வருடமாகக் கூப்பிட்ட பெயர். அப்போதுதான் சாகப்போகிறேன் என்று தெரிந்தது.

வாயைத் துடைத்தேன். கைக்குட்டையில் சிவப்பு.

"நானா, ரத்தம்!"

வண்டி ஓரத்தில் நின்றது. "யா அல்லாஹ்! என்னத்த குடிச்சீங்க அண்ணே?"

"மரத்த... மரத்த குடிச்சேன்."

"மரத்தயா? குடிக்க வேற ஒண்ணும் கெடைக்கலயா? கண்ண மூடாதீங்க! சிக்னலும் இல்ல, மனுசனும் இல்ல. பொலிசுக்கு நான் என்னத்த சொல்றது?"

பிள்ளைகளை ஒப்படைத்தது இந்த இடத்தில்தான். நானாவும் அழுதுவிட்டார். உயிர் போகிறவருக்குத் தொண்டை காயக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். வண்டியில் தண்ணீர் இல்லை, இஞ்சி பியர் என்கிற இனிப்புச் சோடாதான் பாதி போத்தல் இருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக என் வாயில் ஊற்றினார். காற்று வண்டியை ஆட்டிக்கொண்டிருந்தது.

கால் மணி நேரத்தில் பெயர் வந்தது. தேவகி. கூடவே, அவளிடம் சொல்லாமல் வந்த பயமும் வந்தது.

மாத்தளை ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டரம்மா விளாசினார்: சீனி படுபாதாளத்துக்கு இறங்கியிருந்ததாம், இஞ்சி பியர்தான் உயிரைப் பிடித்து வைத்ததாம். கைக்குட்டையை முகர்ந்து பார்த்து, "இது ரத்தம் இல்ல, பிசின்" என்றார்.

போகிறவர்களுக்கு: மாத்திரை போட்டால் சாப்பிடுங்கள். இரண்டு வைத்தியரிடமும் உண்மையைச் சொல்லுங்கள். பையில் இனிப்பு வையுங்கள். மதியத்துக்கு முன்பே ரிவர்ஸ்டனைத் தாண்டிவிடுங்கள். மரத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள்; அதன் பலத்தை நான் உடம்பால் அறிந்தவன்.

இதை எழுதி முடித்த பிறகு ரிஸ்வான் நானா போன் செய்தார். வைத்தியரை விசாரித்தாராம். பெஞ்சில் இருந்தது, கோப்பையைக் கழுவ அப்போதுதான் ஊற்றிய கிணற்றுத் தண்ணீர். நீலம், முற்றத்துக்கு மேலே கட்டியிருந்த படங்கினுடையது, அதாவது நீலத் தார்ப்பாயினுடையது.