பழைய பைத்தனை நீக்கிய சனிக்கிழமை

அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் ஒரே ஒரு கணினி இருக்கிறது. கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, லீவில் வரும்போதெல்லாம் அதில் பிள்ளைகளுக்குப் பைத்தன் நிரல்மொழி சொல்லிக்கொடுப்பேன். கொழும்பு அலுவலகத்தில் நான் கடைசி ஆள். தோட்டத்திலோ "கம்பியூட்டர் மிஸ்". அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தக் கணினியில் பைத்தனின் இரண்டு பதிப்புகள் இருந்தன. லினக்ஸ் இயங்குதளத்தோடு கூடவே வந்த பழையது ஒன்று, நான் போட்ட புதியது ஒன்று. ஒரு சனிக்கிழமை, என் மடிக்கணினியில் நன்றாக ஓடிய நிரல் அங்கே ஓடவில்லை.

"மிஸ், இதுல மட்டும் ஏன் பிழைன்னு வருது?" என்றாள் ஒரு மாணவி.

கணினி பழைய பதிப்பையே எடுத்துக்கொள்கிறது என்று புரிந்தது. கட்டளையில் புதியதன் பதிப்பு எண்ணையும் சேர்த்து அடித்திருந்தால் போதும். ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஏதாவது பெரிதாகச் செய்துகாட்ட வேண்டும் போலிருந்தது.

"பழசத் தூக்கிட்டா சரியாயிரும்" என்றேன்.

நீக்கும் கட்டளையை அடித்ததும், கூடவே எவையெல்லாம் போகும் என்று திரை நிறையக் காட்டி, சம்மதமா என்று கணினி கேட்டது. வாசிக்காமலே சம்மதித்தேன். கணினியை அணைத்து மறுபடி போட்டபோது கறுப்புத் திரையில் ஒரு வரி வெள்ளை எழுத்து மட்டும் நின்றது. கணினியின் பாதி வேலைகள் அந்தப் பழைய பைத்தனை நம்பித்தான் நடந்திருக்கின்றன.

அந்த நேரம் பார்த்து மரண உதவிச் சங்கத்துச் செயலாளர் அக்கா வந்தார். கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரே வந்திருந்தார். இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. மேல் லயத்து வீட்டில் ஒரு பெரியவர் இறந்துவிட்டாராம்.

"தங்கச்சி, மரண அறிவித்தல் அடிக்கணும். போன தடவ அடிச்சதுல பேர மட்டும் மாத்துனா போதும்."

நான் நகர்ந்து திரையைக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "கரண்டு இல்லையா?" என்றார்.

"கரண்டு இருக்குங்கக்கா. நான்தான் தேவையானதையும் சேத்து அழிச்சிட்டேன்."

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"சரி விடுங்க, கையால எழுதுவோம்" என்று அக்கா பிள்ளைகளிடம் தாள்களைக் கொடுத்தார். நானும் உட்கார்ந்து எழுதினேன். பல வருடமாக விசைப்பலகையிலேயே பழகிய கை. எழுத்துகள் மேலும் கீழும் ஓடின. நான் எழுதிய தாளை அந்த மாணவி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மிஸ், இத நான் திருப்பி எழுதட்டுங்களா?"

தாளைக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் சாவு வீட்டுக்குப் போனேன். பெரியவரின் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் ஒக்காந்து எழுதுனீங்களாமே, ரொம்ப நன்றிங்க மிஸ்" என்றார். அவருக்கு யாரும் மீதியைச் சொல்லவில்லை. நானும் சொல்லாமலே வந்துவிட்டேன்.

மறுநாள் என் போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து, அந்தக் கறுப்புத் திரையிலேயே கட்டளை அடித்து, போனதையெல்லாம் திரும்ப இறக்கினேன். பழைய அறிவித்தல்கள் நல்லவேளையாக அப்படியே இருந்தன. பழைய பைத்தனைக் கணினிக்கே விட்டுவிட்டு, புதியதை எங்கள் பாடத்துக்கென்று தனி இடத்தில் வைத்தேன். பிள்ளைகளுக்கும் அதைச் செய்து காட்டினேன்.

"அப்ப நேத்தும் இப்பிடியே செஞ்சிருக்கலாங்களா, மிஸ்?"

"செஞ்சிருக்கலாம்" என்றேன், திரையைப் பார்த்துக்கொண்டே.